ராஜ்யலட்சுமியின் காகித நாக்கு

பால் தீயும் வாசனை வந்தது. என் வீட்டுப் பால்தான் என்று நினைத்து அடுப்படிக்கு ஓடினேன். என் பால் இன்னும் பாக்கெட்டிலேயே இருந்தது. வாசனை எதிர்வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே போய்ப் பார்த்தால், பால் பாத்திரம் கரியாகிப் புகைந்துகொண்டிருக்க, அதற்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து ராஜ்யலட்சுமி வதினா நிம்மதியாக விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

எங்கள் கௌதமி காலனியில் பெண்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் வதினாதான். யாரும் யாருக்கும் அண்ணி இல்லை என்றாலும்.

“பால் தீயுது வதினா.”

“எங்க?” என்று கேட்டுவிட்டுத் திரும்பியவர், பாத்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து போய் வாசல் கதவைத் தாழ் போட்டார்.

முந்தின வாரம் வந்த ஜுரம் போகும்போது மூக்கையும் நாக்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது என்று அப்போதுதான் சொன்னார். காப்பி வெந்நீராக இருந்ததாம். வெந்நீரும் வெந்நீராகத்தான் இருந்ததாம். பெருங்காய டப்பாவுக்குள் மூக்கை விட்டுப் பார்த்தால், மூக்கில் தூள் ஒட்டியதுதான் மிச்சமாம். டாக்டரிடம் போனீர்களா என்று கேட்டேன். காலனியில் ஒரே டாக்டர் வாமனமூர்த்தி. அவர் நல்லவர்தான். ஆனால் அவர் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருப்பது முழுக்க எங்கள் காலனி. உள்ளே சொன்னது வெளியே கேட்கும்.

“மாம்பழ வாரம் வருது. ஆவக்காய்ப் போட்டிக்கு நடுவர் நாக்கில்லாம நிக்கிறாள்னு ஊர் சிரிக்கணுமா?” என்றார்.

இது சாதாரண விஷயமில்லை. ஒவ்வொரு மே மாதமும் மாம்பழ வாரத்தில் எங்கள் சமுதாயக் கூடத்தில் ஆவக்காய் ஊறுகாய்ப் போட்டி நடக்கும். கோதாவரிக் கரையில் இருக்கும் எங்கள் ராஜமகேந்திரவரத்தில் வேறு எத்தனையோ நடக்கிறது, ஆனால் எங்கள் காலனிக்கு இதுதான் தேர்தல். ராஜ்யலட்சுமி வதினா ஜூனியர் காலேஜில் ரசாயனம் சொல்லிக்கொடுப்பவர். சோற்றில் ஒரு துளி ஊறுகாய் பிசைந்து நாக்கில் வைத்தால், மாங்காய் மரத்திலிருந்து பறித்ததா, தானாக விழுந்ததா என்று சொல்லிவிடுவார். அவர் ஒதுங்கினால் அந்த நாற்காலி மாணிக்யாம்பா வதினாவுக்குப் போகும். மாணிக்யாம்பா ஊறுகாய் போடுவதில் கெட்டிக்காரி. தோற்பதில் அவ்வளவு கெட்டிக்காரி இல்லை. போன வருஷம் இரண்டாம் பரிசு என்று அறிவித்த நாளிலிருந்து ராஜ்யலட்சுமியைப் பார்த்தால் வானத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பார். அதனால் இரண்டு தடவை சாக்கடையில் கால் வைத்திருக்கிறார்.

“வேற யாரையாவது ருசி பார்க்கச் சொல்லி ரகசியமா...” என்று நான் ஆரம்பித்தேன்.

வதினா தன் கணவர் இருந்த திசையைக் காட்டினார். பாஸ்கர ராமம் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மனைவி வதினா என்றால் கணவர் எங்களுக்குப் பாவகாரு, அதாவது அத்தான். அவருக்கு ரத்த அழுத்தம். ஊறுகாய் பக்கம் தலை வைத்துப் படுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தவிர, கல்யாணமான நாளிலிருந்து அவர் எந்தச் சாப்பாட்டையும் குறை சொன்னதில்லை. அப்படிப்பட்ட நாக்கை நம்பி எந்தத் தீர்ப்பும் சொல்ல முடியாது என்பது வதினாவின் கட்சி.

அன்று சாயங்காலமே அவருக்கு யோசனை வந்துவிட்டது. காகிதத்தில் மெழுகால் கோடு போட்டுக் குறுகலான வாய்க்கால் செய்தால், தண்ணீர் மெழுகைத் தாண்டாமல் அந்த வாய்க்கால் வழியே தானாக ஊறிப் போகும். போகிற வழியில் மருந்து தடவி வைத்தால் நிறம் மாறும். பெரிய ஆராய்ச்சிக் கூடங்களில் ரத்தத்தையும் ஆற்றுத் தண்ணீரையும் இப்படிச் சோதிக்கிறார்கள். ஊறுகாயைச் சோதித்தால் காகிதம் வேண்டாமென்றா சொல்லப்போகிறது?

மறுநாளிலிருந்து அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜை ஆய்வகமானது. நான் உதவிக்கு. பாவகாருவும் உதவிக்கு என்று சொல்லிக்கொண்டார்.

முதல் சிக்கல் காகிதம். செய்தித்தாளில் மை கரைந்தது. டிஷ்யூ பேப்பர் சொட்டு விழுந்ததும் கூழானது. கல்யாணப் பத்திரிகை வழவழவென்று எதையும் உள்ளே விடவில்லை. “பூதரேக்கு தாள்ல செஞ்சா என்ன? வேலை முடிஞ்சதும் சாப்பிட்டுடலாம்” என்றார் பாவகாரு. ஆத்ரேயபுரத்திலிருந்து வந்த அந்த அரிசித்தாள் இனிப்பு ஒன்று வீட்டில் இருந்தது. வதினா எதையும் சோதிக்காமல் தள்ளுவதில்லை. சர்க்கரையை உதறிவிட்டு, அந்த அரிசித் தாளைப் பிரித்து மெழுகுக் கோடு போட்டு ஒரு சொட்டு விட்டார். தாள் இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. ஓட்டையைச் சுற்றி மிச்சமிருந்ததைப் பாவகாரு மெழுகோடு சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். கடைசியில் கல்லூரியிலிருந்து வடிதாள் வந்தது.

இரண்டாவது சிக்கல் மெழுகு. குழந்தைகளின் மெழுகுக் கலர்க்குச்சியால் கோடு போட்டோம். காகிதத்தின் மேல் பக்கத்தில்தான் கோடு நின்றது. தண்ணீர் அடிப்பக்கமாக நழுவி எல்லையைத் தாண்டியது. மெழுகு உருகிக் காகிதத்துக்குள் முழுக்க இறங்க வேண்டும். அதற்கு இஸ்திரிப்பெட்டி. அவர்கள் வீட்டுப் பெட்டி கெட்டுப்போயிருந்ததால் என்னுடையது போனது. சூடு அதிகமானபோது மெழுகு பரவி வாய்க்காலையே மூடிவிட்டது. சூடு குறைந்தபோது கோடு கோடாகவே இருந்தது. நடுவில் ஒரு சூட்டைக் கண்டுபிடிப்பதற்குள் கலர்க்குச்சிப் பெட்டியில் நீலம் தீர்ந்து பச்சைக்கு வந்திருந்தோம். இதைப் பற்றி ஒன்றும் தெரியாமல் என் வீட்டுக்காரர் அதே பெட்டியில் தன் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து, முதுகில் நீல வாய்க்கால்களோடு ஆபீஸ் போய்வந்தார். அங்கே யாரோ எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார்களாம்.

கடைசியில் உருவானது கவண் மாதிரி ஒரு சின்னக் காகிதம். அடிக்கால் ஊறுகாய்த் தண்ணீரில் நிற்கும். தண்ணீர் ஏறி இரண்டு கைகளாகப் பிரியும். ஒரு கை புளிப்புக்கு. அதில் என் செம்பருத்திச் செடியை மொட்டையடித்து எடுத்த பூச்சாற்றோடு சலவைச் சோடாவும் கலந்து வரிசையாகப் பச்சைப் பொட்டு வைத்தோம். புளிப்பு சோடாவைத் தின்றுகொண்டே போகும். எத்தனை பொட்டு சிவக்கிறதோ அத்தனை புளிப்பு. மற்ற கை உப்புக்கு. அதில் வதினா கல்லூரியிலிருந்து கொண்டுவந்த சில்வர் நைட்ரேட்டும் இன்னொரு மஞ்சள் உப்பும் சேர்ந்து செங்கல் நிறத்தில் ஒரு பட்டை. உப்புத் தண்ணீர் ஏற ஏறப் பட்டை வெளுக்கும். எவ்வளவு தூரம் வெளுத்ததோ அவ்வளவு உப்பு.

“இதைத் தொட்ட கையால எதையும் தொடாதீங்க” என்று வதினா பாவகாருவிடம் சொல்லியிருந்தார். அவர் எதையும் தொடவில்லை. மூக்கை மட்டும் சொறிந்துகொண்டார். அது வெயில் பட்டதும் கறுக்கிற மருந்து. மறுநாள் பால் வாங்கப் போனவர் மூக்கு நுனியில் அடுப்புக்கரி மாதிரி ஒரு வட்டத்தோடு திரும்பினார். சோப்புக்குப் போகவில்லை, எலுமிச்சைக்குப் போகவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம், மனைவி வைத்த திருஷ்டிப் பொட்டு என்றார். இந்த மூக்குக்கு யார் கண் வைப்பார்கள் என்று யாரும் கேட்காதது காலனியின் பெருந்தன்மை.

ஊறுகாயே கடைசிச் சிக்கலாக வந்தது. ஆவக்காயில் எண்ணெய் மிதக்கும். எண்ணெய் பட்ட காகிதம் தண்ணீரை ஏற்காது. முதல் சோதனையில் கால் நனைந்து கை காய்ந்தே இருந்தது. வதினா தன் ஊறுகாயில் கொஞ்சம் ஒரு சின்ன மருந்து பாட்டிலில் போட்டு வெந்நீர் விட்டுக் குலுக்கினார். எண்ணெய் மேலே வந்தது. கடுகுத்தூள் கீழே தங்கியது. நடுவிலிருந்த தண்ணீரைச் சொட்டு மருந்துக் குழாயால் உறிஞ்சி வைத்தார். காகிதம் ஏறியது. பொட்டுகள் ஒவ்வொன்றாகக் கடைசிப் பொட்டு வரை சிவந்தன. தன் ஊறுகாய் எங்கே நின்றதோ அதையே வதினா சரியான அளவு என்று குறித்துக்கொண்டார். அவர் நடுவராக இருப்பதால் போட்டியில் கலந்துகொள்ள முடியாது, இப்படியாவது கலந்துகொண்டார்.

காரத்துக்கு மட்டும் காகிதம் கிடைக்கவில்லை. அதற்குப் பாவகாருவை வைத்துக்கொள்வது என்று முடிவானது. ஒரு பருக்கை சோற்றில் தொட்டுக் கொடுத்தால் அவர் காது சிவப்பதை நான் பார்த்துச் சொல்ல வேண்டும். டாக்டரின் உத்தரவை ஒரு நாள் தளர்த்தியிருப்பதாக வதினா அறிவித்தபோது, பாவகாருவின் கண்களில் நீர் நின்றது.

போட்டி நாளன்று வதினா தனக்கு மறைப்பு வேண்டும் என்று சங்கத் தலைவரிடம் கேட்டார். முகங்களைப் பார்த்தால் மனசு சாய்ந்துவிடும் என்று காரணம் சொன்னார். இவ்வளவு நேர்மையா என்று தலைவர் நெகிழ்ந்துபோய், நாடகக் குழுவின் திரையைக் கொண்டுவந்து கட்டச் சொன்னார். அதில் அரண்மனையும் இரண்டு மயில்களும் வரைந்திருந்தன. திரைக்கு முன்னால் காலனி முழுக்க விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பின்னால் நாங்கள் மூவர், எண் ஒட்டிய ஜாடிகள், கைப்பையிலிருந்து எடுத்த காகிதங்கள்.

வேலை நன்றாகவே நடந்தது. நான் குலுக்கினேன், வதினா சொட்டு விட்டார், பாவகாரு சிவந்தார். பருக்கை என்றது உருண்டையாகி, பிறகு கைப்பிடியானதை வதினா கவனிக்கவில்லை. நான்காம் ஜாடியில் பாவகாரு கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார். மயக்கமோ என்று தொட்டுப் பார்த்தேன். “இல்லம்மா. இப்படியே கொஞ்ச நேரம் விடு” என்றார்.

ஏழாம் ஜாடி வந்தது. பொட்டுகள் எல்லாமே கடைசி வரை சிவந்தன. செங்கல் பட்டை வதினா குறித்த கோட்டில் வந்து அளந்து வைத்த மாதிரி நின்றது. அதே நேரம் பாவகாரு வாயில் போட்டதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் மயில்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ராஜ்யம், இது வேண்டாம்” என்றார் மெதுவாக.

“காரம் எவ்வளவு? அதை மட்டும் சொல்லுங்க.”

“காரமே இல்ல. கசக்குது. இது ஊறுகாயே இல்ல.”

“முப்பது வருஷத்துல எதையாவது நல்லா இல்லன்னு சொல்லியிருக்கீங்களா? போன வாரம் பருப்புல உப்பே போடலன்னு இந்த எதிர்வீட்டு வதினா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீங்க அமிர்தம்னு ரெண்டாந்தரம் போட்டுக்கிட்டீங்க.”

“டாக்டர் சொன்னதுக்காக நீ போடலன்னு நினைச்சேன்.”

“ருசிக்குக் காகிதம் இருக்கு” என்று வதினா முடித்துவிட்டார். நானும் காகிதத்தின் பக்கமே சேர்ந்துகொண்டேன். பட்டை அவ்வளவு நேராக நின்றது.

ஏழாம் ஜாடிக்கு முதல் பரிசு என்று அறிவித்ததும், கைதட்டலுக்கு நடுவே எழுந்து வந்தவர் டாக்டர் வாமனமூர்த்தி. எங்கள் எல்லோருடைய ஊறுகாயையும் நிறுத்திய மனிதர் ஊறுகாய் போட்டிருக்கிறார் என்பதை நம்பவே கொஞ்ச நேரம் பிடித்தது. அவருக்கும்தான். ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு அவர் பேசினார். நோயாளிகளுக்கு வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது, வழியும் காட்ட வேண்டும் என்று தோன்றியதாம். அதனால் மிளகாய்க்குப் பதிலாக முழுக்க மஞ்சள் தூள் போட்டாராம். உப்புக்குப் பதிலாக, ரத்த அழுத்தக்காரர்களுக்கென்று கடையில் விற்கிற மாற்று உப்பு. அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம்.

நான் வதினாவைப் பார்த்தேன். மஞ்சள் என்ற இடத்தில் அவர் கை நெற்றிக்குப் போனது. பொட்டாசியம் என்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். பிறகுதான் எனக்கு விளக்கினார். மஞ்சள் சோடாவைத் தொட்டால் தானே சிவக்கும். புளிப்பு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். சில்வர் நைட்ரேட்டுக்கு வேண்டியது குளோரைடு. அது சோடியத்தோடு வந்ததா பொட்டாசியத்தோடு வந்ததா என்று அது விசாரிக்காது. காகிதம் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விதான் தப்பு.

அதற்குள் பரிசு பெற்ற ஜாடி கூடத்தில் வலம் வந்துகொண்டிருந்தது. எல்லோரும் சூடான சோற்றில் பிசைந்து வாயில் வைத்தார்கள். விசிறிகள் நின்றன. ராஜ்யலட்சுமி கொடுத்த தீர்ப்பு. தங்கள் நாக்கில்தான் ஏதோ கோளாறு என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்க வேண்டும். முன்வரிசையில் ஒருவர், மருந்து வாசனை பின்னால் மெதுவாக வருகிறது பாருங்கள் என்றார். தலைவர், இது சட்டென்று பிடிபடாத ருசி என்றார். நெய் விட்டால் திறந்துகொள்ளும் என்றார் இன்னொருவர். நெய்ப் பாத்திரம் காலியானது. எதுவும் திறந்துகொள்ளவில்லை.

மாணிக்யாம்பா வதினா ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய் சாப்பிட்டார். எழுந்து மேடைக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நானும் பாவகாருவும் ராஜ்யலட்சுமியின் இரண்டு பக்கமும் போய் நின்றுகொண்டோம். மாணிக்யாம்பா எங்களை விலக்கிவிட்டு, வதினாவின் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

“ராஜ்யம், உனக்கு உடம்பு சரியில்லையா?” என்றார்.

நீ, உனக்கு என்றெல்லாம் அவர்கள் அதுவரை பேசிக்கொண்டதே இல்லை. வதினாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. ஒலிபெருக்கியை வாங்கி, ஜுரத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மயில் திரையை விலக்கிக் காகிதங்களைக் காட்டினார். “இந்த ஜாடியை ருசி பார்த்தவர் வேண்டாம்னுதான் சொன்னார். நான்தான் கேக்கல” என்றும் சொன்னார். பாவகாரு கறுத்த மூக்கோடு தரையைப் பார்த்து நின்றார். முப்பது வருஷத்தில் தன் பேச்சு ஒலிபெருக்கியில் ஏறியது அவருக்கு அதுதான் முதல் தடவை.

யாராவது கோபப்படுவார்கள் என்று பார்த்தேன். எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு காகிதத்தைப் பார்க்க வந்தார்கள். பரிசை என்ன செய்வது என்று தலைவர் கேட்டபோது, டாக்டர் உடனே கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். தன்னாலேயே இரண்டு நாளாகத் தன் ஊறுகாயை வாயில் வைக்க முடியவில்லை என்றும், அறிவிப்பைக் கேட்டுத்தான் தன் நாக்கின் மேல் சந்தேகம் வந்தது என்றும் ஒப்புக்கொண்டார். தீர்ப்பைப் பாவகாருவிடமே விட்டார்கள். அவர் யோசிக்கவே இல்லை. நாலாம் ஜாடி என்றார். அது மாணிக்யாம்பாவுடையது.

“என்னோடதை விடவா?” என்று வதினா கேட்டது ஒலிபெருக்கி அணைக்காமலிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. பாவகாரு வாயைத் திறந்தார். விக்கல் வந்தது. தண்ணீர் கொடுத்தும் நிற்கவில்லை. மிளகாய்தான் காரணம் என்று டாக்டர் பெரிய மனசோடு சான்று சொன்னார்.

அத்தோடு முடிந்திருக்கலாம். டாக்டர் கையிலிருந்த காகிதத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்: “அம்மா, இந்த உப்புக் கை இருக்கே, இது வீட்டுல வைக்கிற பருப்பு, பப்புசாருல எல்லாம் எவ்வளவு உப்பு இருக்குன்னும் சொல்லுமா?”

காகிதத்தைப் பார்க்க முண்டியடித்தவர்கள் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். அங்கே பாதிப் பேர் அவருடைய நோயாளிகள்.

“வதினா, சொல்லாதீங்க” என்றார் மாணிக்யாம்பா, பல்லைக் கடித்துக்கொண்டு.

ஆனால் ராஜ்யலட்சுமி ஒரு ஆசிரியை. கேள்வி கேட்டால் பதில் வந்துவிடும். நன்றாகச் சொல்லும், புளிப்புக் கையை வெட்டிவிட்டால் இன்னும் சுலபம் என்றார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டு மேஜையில் நாங்கள் ஐந்தாறு பேர் உட்கார்ந்து மெழுகுக் கோடு போடுகிறோம். மாணிக்யாம்பாவின் கோடுதான் நேராக வருகிறது. அதை அவரே எல்லோருக்கும் சொல்கிறார். கையுறை இல்லாமல் யாரும் மருந்தைத் தொடுவதில்லை. டாக்டர் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கட்டுக் காகிதம் கொடுக்கிறார். காகிதத்தின் காலைச் சாப்பாட்டில் வைத்து எடுத்து, காயவைத்து, அடுத்த முறை கொண்டுவந்து காட்ட வேண்டும். காலனியில் பலருக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது, மனஸ்தாபம் ஏறியிருக்கிறது. பாவகாரு ஒரு தடவை காகிதத்தை வெறும் தண்ணீரில் நனைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். நம் குழாயில் வரும் கோதாவரித் தண்ணீர் அளவுக்குத்தான் இதில் உப்பு இருக்கிறது, இவ்வளவு சுத்தமான சாப்பாடு எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டுவிட்டார்.

வதினாவின் நாக்கு மழை தொடங்கும் வரை வரவில்லை. தினமும் காலையில் மாணிக்யாம்பா ஒரு கரண்டியில் தன் ஆவக்காயைக் கொண்டுவந்து அவர் நாக்கில் வைத்துவிட்டு முகத்தையே பார்ப்பார். “ஏதாவது தெரியுதா?” “ஈரமா இருக்கு.” கரண்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஒரு நாள் வெளியே தூறிக்கொண்டிருந்தது. நான் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு அந்த வழியாகப் போனேன். கரண்டி வாயில் இருந்தபடியே வதினா அசையாமல் உட்கார்ந்திருந்தார். கண்கள் மட்டும் விரிந்தன.

“வெந்தயம் கருகியிருக்கு” என்றார்.

மாணிக்யாம்பா கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தார். தன் வாழ்நாளில் வெந்தயம் கருகியதில்லை என்றும், நாக்கு வந்தும் புத்தி வரவில்லை என்றும் சொல்லிக்கொண்டே படியிறங்கினார். கீழே போய் மழையில் நின்று, டாக்டர் வீட்டு ஜன்னலைப் பார்த்து, “அவளுக்கு நாக்கு வந்துடுச்சு” என்று கத்தினார். காலனி முழுக்கக் கேட்டது.